துணியில் வரைந்தாலும் அது ஓவியம்தான்

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஓவிய உரைக் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாகப் பொறுத்திருந்தேன். அங்கே வந்திருந்தவர்களுக்கும் காணொளியைப் பார்த்தவர்களுக்கும் எந்த இடத்தைச் சொல்கிறேன் என்பது தெரியும். உருவங்களை வரையாத அரூப ஓவியத்தின் வரலாற்றை ஒன்றரை மணி நேரம் பொறுமையாக விளக்கியவர், பாரிஸில் வாழ்ந்த ஓவியர் சோனியா தெலோனேயின் பெயர் வந்ததும், நாடகம், நடனம், சினிமா என்று உடை தைக்கப் போய்விட்டதால் அவர் ஓவியத்தில் வளரவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சோனியா மேடைக்குப் போனபோது ஓவியத்தையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனார். அந்த உடைகள் அவருடைய ஓவியங்கள்.

1911இல் மகன் பிறந்ததும், தான் பிறந்த உக்ரைன் மண்ணின் குடியானவப் பெண்களைப் போலத் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தொட்டிலுக்கு ஒரு போர்வை தைத்தார். உருவம் எதுவும் இல்லாமல் நிறங்கள் மட்டுமே நிற்கும் அந்தப் போர்வையிலிருந்துதான் அவருடைய அரூப ஓவியம் தொடங்குகிறது என்று இன்று கலை வரலாறே எழுதுகிறது. 1913இல் பாரிஸின் புலியே நடன அரங்குக்கு அவர் உடுத்திச் சென்ற ஒட்டுத்துணி உடையும், அதே அரங்கில் டாங்கோ ஆடுபவர்களை ஏறக்குறைய நான்கு மீட்டர் நீளத்தில் அவர் வரைந்த ஓவியமும் ஒரே ஆண்டில் ஒரே கையிலிருந்து வந்தவை. ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றைத் தையல் என்றும் எந்த அளவுகோலால் பிரிக்கிறீர்கள்?

சிவப்பையும் பச்சையையும் அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தூண்டி அதிரும் என்பதுதான் சோனியா, அவருடைய கணவரும் ஓவியருமான ராபர்ட் தெலோனே இருவருக்கும் அடிப்படை. அதை 1839இல் நூலாக எழுதிய வேதியியலாளர் செவ்ரெல், பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். நெசவு நூலுக்கு ஏற்றிய கருப்புச் சாயம் மங்கித் தெரிகிறது என்று வந்த புகாரை ஆராய்ந்தபோதுதான், குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நிறத்தில் இருக்கிறது என்று கண்டுகொண்டார். சாயத்தொட்டியிலிருந்து ஓவியரின் கித்தானுக்கு வந்த அறிவை ஒரு பெண் மறுபடி துணிக்குக் கொண்டுபோனால் மட்டும் அது இறக்கமாகிவிடுமா?

1918இல் லண்டனில் ரஷ்யரான தியாகிலெவின் பாலே நடனக் குழு ஆடிய கிளியோபாட்ரா நாட்டியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஓவியர் லியோன் பாக்ஸ்ட் செய்திருந்த பழைய அரங்கப் பொருட்கள் தென்னமெரிக்கப் பயணத்தில் தீயில் அழிந்துபோக, புதிய அரங்கக் காட்சியமைப்பை ராபர்ட் தெலோனேயும் உடைகளைச் சோனியாவும் வடிவமைத்தார்கள். கிளியோபாட்ராவாக ஆடிய லுபோவ் செர்னிசேவா அணிந்த உடையில் மார்பிலும் வயிற்றிலும் வட்டத்துக்குள் வட்டமாக நிறங்கள் சுழல்கின்றன. அவர் கித்தானில் வரைந்த அதே வட்டங்கள்தான். கித்தானில் பார்ப்பவரின் கண் சுற்ற வேண்டும். மேடையில் வட்டமே மூச்சு வாங்குகிறது, திரும்புகிறது, ஒளியைப் பிடித்து விடுகிறது.

இது எனக்கு ஏட்டறிவு மட்டும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நாடகக் குழுவுக்காக, முன்புறம் மஞ்சளும் பின்புறம் ஊதாவுமாக ஒரு நீண்ட மேலங்கியை ஃபேப்ரிக் பெயிண்டில் வரைந்தேன். வீட்டு மேசையில் அது ஒளிர்ந்தது. ஒத்திகையில் ஆரஞ்சு விளக்கைப் போட்டதும் மஞ்சள் வெளுத்து, ஊதா அழுக்கேறிய பழுப்பாகிவிட்டது. அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து ஊதாவின் மேல் விரற்கடை இடைவெளியில் வெள்ளைக் கோடுகளை இழுத்தேன். மறுநாள் நடிகை சட்டென்று திரும்பிய கணத்தில் கோடுகள் சாய்ந்து ஓட, முன்வரிசையில் இருந்த குழந்தை ஒன்று ஓவென்று வாய்விட்டுக் கூவியது. நான் வரைந்தவற்றில் எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு குரல் கிடைத்ததில்லை. அந்த நாடகத்தின் அழைப்பிதழில் என் பெயர், ஒலிபெருக்கிக்கும் தேநீருக்கும் அடுத்து, உடை உதவி என்று அச்சாகியிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பணத்துக்காகத்தானே செய்தார் என்று கேட்பீர்கள். 1917 புரட்சியோடு ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது, குடும்பத்தைத் தாங்கத் துணியும் உடையும் விற்றார், உண்மைதான். ஆனால் போர்வையும் புலியே உடையும் அதற்கு முன்பே வந்துவிட்டன. கித்தானை விற்கும் ஓவியரும் பணத்துக்குத்தான் விற்கிறார். அவரை யாரும் வியாபாரி என்று அழைப்பதில்லை.

1923இல் கவிஞர் திரிஸ்தான் ஸாராவின் நாடகத்துக்கு அவர் செய்த அட்டை உடைகளில் நடிகர்களால் கையைக் காலை அசைக்கவே முடியவில்லை என்று ஒரு நண்பர் நேற்று எழுதியிருந்தார். ஒப்புக்கொள்கிறேன். அந்த நாடகத்தின் பாத்திரங்கள் மனிதர்கள் அல்ல, கண், காது, மூக்கு, வாய் என்பவை என்பதையும் அவர் சேர்த்து எழுதியிருக்கலாம்.

இதையெல்லாம் விட எனக்கு வலுவான சான்று சினிமாதான். 1926இல் இரண்டு பிரெஞ்சு மௌனப் படங்களுக்கு அவருடைய துணிகளும் உடைகளும் பயன்பட்டன. இரண்டும் கருப்பு வெள்ளை. நிறத்தையே மூச்சாகக் கொண்டவர், நிறம் பதிவாகாத கருவியின் முன்னால் நின்றார். அதில் ஒன்றில் நடனக் கலைஞர் லிசிகா கொத்ரேயானு அணிந்திருக்கும் உடையைப் பாருங்கள். சிவப்பும் பச்சையும் செய்ய வேண்டிய வேலையை வட்டமும் முக்கோணமும் வெளிச்சமும் இருளுமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார். உடை தைக்கத் தெரிந்தவர் மட்டுமாக இருந்தால் இதைச் செய்திருக்க முடியாது.

கணவருக்கு அரங்கு, மனைவிக்கு உடை என்று பங்கு பிரித்ததால், அரங்கு ஓவியமாகவும் உடை கைவேலையாகவும் நம் மனத்தில் பதிந்துவிட்டது. ராபர்ட் மேடைக்கு வரைந்ததற்காக அவருடைய ஓவியம் தேயவில்லையே என்று ஞாயிற்றுக்கிழமை எழுந்து கேட்டிருக்க வேண்டும். என் தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன்.

ராபர்ட் 1941இல் இறந்தார். சோனியா அதற்குப் பிறகு 38 ஆண்டுகள் வாழ்ந்தார், வரைந்தார். 1964இல், உயிரோடிருக்கும்போதே பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் தன் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்ட முதல் பெண் ஓவியரானார். அதன் பிறகும், 1968இல், எண்பதைத் தாண்டிய வயதில், இசையமைப்பாளர் ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கு பிரான்ஸின் அமியேன் நகரில் ஆடப்பட்ட ஒரு பாலேவுக்கு உடைகளை வடிவமைத்துக் கொடுத்தார். அப்போது குடும்பத்தைத் தாங்க வேண்டிய நெருக்கடியும் இல்லை, தொட்டிலில் குழந்தையும் இல்லை.