சான்றிதழ் கொடுத்தாச்சு, வேலை எங்கே?

இந்த போட்டோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னால் பேனர், முன்னால் இரண்டு வரிசையாக இளைஞர்கள், ஆளுக்கொரு சான்றிதழை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு. கிராமப்புற இளைஞர்களுக்கு மூன்று நாள் வேளாண் பயிற்சி, இத்தனை பேர் பயன்பெற்றனர். சரி, ஒரு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று யாராவது போன் போட்டுக் கேட்கிறார்களா? கேட்டால் அறிக்கை அவ்வளவு அழகாக வராது என்பது என் சந்தேகம்.

மூன்று நாளில் விவசாயம் கைவராது என்பது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. இந்தோனேசியாவில் நெல்லைப் புகையான் என்கிற பூச்சி நாசம் செய்த காலத்தில், மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி பெருகியதே தவிரக் குறையவில்லை, ஏனென்றால் அதைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்தே செத்துக்கொண்டிருந்தன. 1986இல் அந்த அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. அப்புறம் 1989இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் வந்தன. கட்டடம் கிடையாது. சுமார் 25 பேர், ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒருநாள் காலையில் வயலில் இறங்கி, தூரை விலக்கி, அடித்தண்டில் புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி, வரப்பேறி அதைப் பெரிய தாளில் படமாக வரைந்து, இந்த வாரம் மருந்து தேவையா இல்லையா என்று தங்களுக்குள் வாதாடி முடிவெடுப்பார்கள். நடத்துபவர் விடையைச் சொல்ல மாட்டார். எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

இப்படி நல்ல பயிற்சியே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருபத்திரண்டு வயதுப் பையன் அதை எங்கே போய்ச் செய்வான்? நிலம் அப்பா பேரில் இருக்கும், அவருக்கே ஐம்பதுதான் ஆகியிருக்கும். மகளாக இருந்தால் அவருக்குப் பிறகும் கைக்கு வருவது சந்தேகம். அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்குக் கடனும் இல்லை. அதனால் "எல்லோரும் தொழில்முனைவோர் ஆகுங்கள்" என்ற மேடைப் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. பலருக்கு வேண்டியது மாசம் பிறந்தால் வரும் சம்பளம்.

அந்தச் சம்பளத்துக்கான வேலை வயலுக்கும் கடைக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. உலகில் விளையும் உணவில் சுமார் 14 சதவீதம் அறுவடைக்குப் பிறகு, கடைக்குப் போகும் முன்பே வீணாகிறது என்று ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2019இல் சொன்னது. நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு (இங்கேயும் அதே 14!) இறங்காமல் மூட்டை கட்டிவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். பல்லில் கடித்தே சொல்லிவிடும் பெரியவர்கள் உண்டுதான், ஆனால் குடோனுக்கு வேண்டியது மீட்டர் வைத்து அளந்து எழுதி வைக்கிற ஆள். சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்துக்கொண்டால் எடுத்துவிட ஒருவர், குளிர்பதனக் கிடங்கின் கம்ப்ரஸர் நடுராத்திரியில் நின்றால் ஓடிவர ஒருவர், அறுவடை இயந்திரத்தின் பெல்ட் அறுந்தால் அன்றைக்கே மாற்ற ஒருவர். நாளை வருகிறேன் என்கிற மெக்கானிக்குக்காக மழை காத்திருக்காது.

"இந்தக் காலத்துப் பசங்களுக்கு உடம்பு வளையாது" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதே பையன்தான் நகரத்தில் வெயிலில் கட்டட வேலை செய்கிறான். அவன் உழைப்புக்குப் பயந்து போகவில்லை. எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி, அடிபட்டால் யார் பொறுப்பு என்று எதுவுமே தெரியாத இடத்திலிருந்து போனான். (நகரத்தில் மட்டும் எல்லாம் தெரிகிறதா என்று கேட்காதீர்கள், அது தனிப் பதிவு.)

கண்ணியமான வேலை என்ற பேச்சைப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999இலேயே எடுத்துவிட்டது. சுரங்கம், கட்டுமானம் இரண்டோடும் சேர்த்து வேளாண்மையும் மிக ஆபத்தான தொழில் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2001இல் வேளாண்மைப் பாதுகாப்புக்கென்றே 184ஆம் உடன்படிக்கை கொண்டுவந்தார்கள். பருவத்துக்கு மட்டும் வந்துபோகும் கூலியாளுக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள அதே பாதுகாப்பு வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

வயலில் மருந்தடிக்கிற பையன் இன்னமும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் நிற்கிறான். கையுறை, முகக்கவசம் எல்லாம் பயிற்சியில் ஸ்லைடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அதை வாங்கித் தரப்போவது யார் என்பது மட்டும் அந்த ஸ்லைடில் இருந்திருக்காது.