சின்னப் பைப்புதானே அக்கா!

நல்ல மனசு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து என் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு உங்கள் சுவரோரத்தைக் கொஞ்சம் கொடுத்து உதவுங்கள். எனக்கு அந்த மனசு இல்லை என்று இன்று காலை வாட்ஸ்அப்பில் சான்றிதழே வந்துவிட்டது. "அக்கா நல்ல மனசு வச்சிருந்தா இந்நேரம் வேலை முடிஞ்சிருக்கும்." கூடவே கைகூப்பும் பொம்மைகள் வேறு. காலைக் காபிகூட இறங்கவில்லை.

எல்லாம் அடுப்புப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒரு எக்ஸ்ட்ராக்டரால் வந்தது. அடுப்பு அவர் வீட்டில், அதன் புகைக்குழாயின் வாய் மட்டும் என் பக்கம் வைக்க வேண்டுமாம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கவே வேண்டாம். இனத்துக்கு ஒரு பகுதி என்று ஊரைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் நம் பெரியவர்களை 1960களில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய இடம். சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு ஆயுசு" என்று குரல் வரும். இங்கே "வெளியில விட்டுடுவோம் அக்கா" என்றால் அந்த வெளி எங்கே இருக்கிறது?

அன்றைக்கு சனிக்கிழமை சாயங்காலம். கேட்டில் தம்பி நிற்கிறார், கையில் ஐஸ்கிரீம் டப்பா. நம் ஊரில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? இதில் சுடச்சுட வடை இருந்தது. தீபாவளி இல்லை, வீட்டில் பிரேயர் இல்லை, யாருக்கும் பிறந்தநாளும் இல்லை. காரணமில்லாமல் வடை வந்தால் பின்னாலேயே காகிதம் வரும். வந்தது, அக்குளில் இடுக்கியிருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து: ஒரு பிளானும், நான் கையெழுத்து போட வேண்டிய ஒரு தாளும்.

"சின்ன பைப்புதான் அக்கா."

எவ்வளவு சின்னது என்றேன். விரல்களை வளைத்து ஒரு டீ கோப்பை அகலத்துக்குக் காட்டினார். பிளானில் 150 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறதே தம்பி என்றால், "அது பேப்பர்லதான் அக்கா அப்படித் தெரியும்" என்கிறார். பேப்பரில் 150 இருப்பது சுவரில் ஏறியதும் சுருங்கிவிடுமாம்.

"வாசனையெல்லாம் ஒண்ணும் வராது அக்கா."

அப்புறம் எதற்கு எக்ஸ்ட்ராக்டர்?

"உள்ள புகை தங்குதுல்ல, அது போகணும்ல."

எங்கே போகணும்?

"வெளியில."

வெளியில் என்றால் யார் தம்பி? நான்தான் வெளியில். அவர் விரல் காட்டிய இடத்துக்கு நேர் எதிரே என் சாமி அறை ஜன்னல். உள்ளே காமாட்சி விளக்கு. ஜன்னலுக்குக் கீழே துணிக்கொடி. அதில் அப்போது கோயிலுக்குக் கட்டும் மஞ்சள் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது, அவர் கண்ணெதிரிலேயே. அதைப் பார்த்தபடியே "ஒரு ஓரமாத்தான் வரும் அக்கா" என்கிறார்.

சத்தம் வருமா? "ஃபேன் சத்தம்தான், தூக்கம் நல்லா வரும்." காற்று அடித்தால் பைப்பின் வாயில் இருக்கும் மூடி விடிய விடிய டொக் டொக்கென்று அடிக்குமே, அதுவும் தாலாட்டா? அதற்குப் பதில் இல்லை. "வடை ஆறிடும் அக்கா, சாப்பிடுங்க."

அவர் அடுப்படி பின்னால் இழுத்துக் கட்டியது, மேலே மாடி கிடையாது. அடுப்புக்கு நேர் மேலே அவருடைய சொந்தக் கூரை. நேராக மேலே விட்டு ஒரு தொப்பியைப் போட்டால் முடிந்தது. அதைக் கேட்டதற்கு, "வளைவு வந்தா காத்து இழுக்காதுன்னு ஃபிட்டர் சொன்னான் அக்கா." வளைவு கூடினால் இழுப்பு குறையும், வாஸ்தவம். நேர் மேலே போகிற பைப்புக்கு எங்கே தம்பி வளைவு? கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அப்புறம் உண்மை வந்தது. "ஷீட்டை வெட்டணுமே அக்கா, மழைக்கு ஒழுகும்."

அவர் கூரையில் மழைத்தண்ணீர் ஒழுகக் கூடாது. என் சாமி அறைச் சுவரில் கொழுப்பு ஒழுகலாம். எக்ஸ்ட்ராக்டரின் வடிகட்டி வலையில் சிக்காத எண்ணெய் ஆவி வெளியே வந்து ஆறியதும் படிகிற முதல் இடம் எதிரே இருக்கிற சுவர். அந்த வலையையும் அவர் வாராவாரம் சோப்பு போட்டுக் கழுவுவார் என்று நான் நம்ப வேண்டும். முன்வாசல் லைட்டில் செத்துக் கிடக்கும் பூச்சிகளையே இன்னும் தட்டாதவர். பைப்பே வேண்டாம், கரி ஃபில்டர் போட்டு உள்ளேயே சுற்ற விடுங்கள் என்றேன். அதை அடிக்கடி மாற்ற வேண்டுமாம், செலவாம். என் வேட்டி மட்டும் ஓசி.

சரி, வீட்டுக்குச் சாம்பார் வைக்கிறவர் என்றால்கூடப் போகட்டும். வாங்கி வைத்திருப்பது ஆறு அடுப்பு கேஸ் ஸ்டவ். வார இறுதியில் டேக்அவே தொடங்கப் போகிறார்கள் என்று தெரு முழுக்கத் தெரியும், என்னிடம் மட்டும் "மாமியாருக்குப் புகை ஒத்துக்கல" என்கிறார். அந்த மாமியாருக்கு ஒத்துக்கொள்ளாத புகை இந்த அக்காவுக்கு ஒத்துக்கொள்ளுமா? டர்பன் மார்க்கெட்டில் மாமியாரை ஒழிக்கும் மசாலா என்றே பெயர் வைத்து ஒரு தூள் விற்கிறான். அது ஆறு அடுப்பிலும் ஒன்றாகக் கொதிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரி ஒழிவாள். ஜூன், ஜூலையில் கடலில் சார்டின் மீன் வந்தால் பொரியல். புரட்டாசி முழுக்க நாங்கள் கவிச்சி தொடாமல் விளக்கேற்றி உட்கார்ந்திருக்க, ஜன்னல் வழியாக, கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் கறி ஊற்றிய பன்னி சௌ வாசனை வந்து கும்பிடும். விற்பனைக்குச் சமைப்பதென்றால் உணவு விற்கும் இடங்களுக்கென்று 2018இல் வந்த ஆர்638 விதிப்படி சுகாதாரச் சான்றிதழ் வேண்டுமே, எடுத்தாயிற்றா என்றேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம் அக்கா. முதல்ல நீங்க கையெழுத்து போடுங்க."

அந்தக் காகிதம் இருக்கிறதே! கேட்கும்போது சின்னப் பைப்பு, சின்ன உதவி. காகிதத்திலோ "இப்போதும் எப்போதும் ஆட்சேபணை இல்லை, எனக்குப் பின் இந்த வீட்டுக்கு வருபவர்களையும் இது கட்டுப்படுத்தும்" என்று அடித்து வைத்திருக்கிறார்கள். அட்டர்னி ஆபீஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகனிடம் காட்டினேன். சிரிக்கிறான். இப்படியொரு உரிமை என் வீட்டை வாங்குகிறவனையும் கட்டுப்படுத்த வேண்டுமென்றால், நோட்டரி பத்திரம் எழுதி பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், இந்த ஒற்றைத் தாள் அதற்குப் போதாது சித்தி என்கிறான். அதற்காகக் கண்டும் காணாமல் இருந்துவிடவும் கூடாதாம். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதி கேட்காமல் எல்லோரும் பார்க்க 30 வருஷம் உரிமைக்காரன் போல அனுபவித்தால் அதுவே உரிமையாகிவிடும். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், "இது என் தயவு, எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவேன்" என்று நாம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நான் ஏன் தயவு காட்ட வேண்டும்? அவருக்குக் கூரை இல்லையா?

நல்ல மனிதர், அதை மறுக்கவில்லை. லோட் ஷெடிங் என்று கரண்ட்டை நிறுத்திய நாட்களில் தன் ஜெனரேட்டரிலிருந்து எங்களுக்கு ஒயர் இழுத்துக் கொடுத்தவர். அந்த ஜெனரேட்டரின் புகைவாய் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதையும் சொல்லிவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதிலிருந்து நான் தெருவுக்கே வில்லி. கோயிலில் கூழ் ஊற்றும்போது ஒரு ஆன்ட்டி என் காதருகே வந்து, "என்னம்மா, ஒரு பைப்புக்குப் போய்..." என்று இழுக்கிறார். ஆன்ட்டி, உங்கள் வீடு எங்கே இருக்கிறது? மூன்று தெரு தள்ளி. அங்கிருந்து பார்த்தால் எல்லாப் பைப்பும் சின்னதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டில் சத்தம். அவரேதான். முகம் உர்ரென்று இருக்கிறது. "சரி அக்கா, கூரை வழியாவே விட்டுக்கிறோம். உங்க ஏணி கொஞ்சம் கிடைக்குமா?" எனக்கு எங்கிருந்துதான் சிரிப்பு வந்ததோ, கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் ஒன்றும் புரியாமல் நின்றார், அப்புறம் அவரும் சிரித்தார். ஏணியைக் கொடுத்தேன். ஃபிட்டர் மேலே ஏறி ஷீட்டில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான், இங்கிருந்தே தெரிகிறது.

ஆனால் ஏணி எடுக்கப் பின்கதவைத் திறந்த அந்த நேரத்துக்குள் குரங்கு உள்ளே புகுந்துவிட்டது. ரொட்டி போனது போகட்டும். அவொகாடோ இன்றைக்கு என்ன விலை விற்கிறது! ஒன்றை எடுத்தோம் தின்றோம் என்று போகாமல், ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்து என் கார் மேல் எறிந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது சனியன்.