லேபிள் இல்லாததால் மட்டும் ஒரு படம் நிஜமாகிவிடாது

'ஏஐ (செயற்கை நுண்ணறிவு) உருவாக்கியது' என்ற லேபிள் இல்லாத படம் என்றால் அது கேமராவில் எடுத்ததுதான் என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அது சரியல்ல. லேபிள் போடப் பல சமூக ஊடகத் தளங்கள் நம்பியிருப்பது, படக் கோப்புக்குள் பதிந்திருக்கும் மெட்டாடேட்டாவை, அதாவது படம் எதில் உருவானது என்பது போன்ற விவரக் குறிப்பை (சி2பிஏ என்பது அதற்கான ஒரு பொதுத் தரநிலை). ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலே அது போய்விடும். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் இதைச் சொல்லியிருக்கிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சாட்ஜிபிடியில் ஒரு படம் உருவாக்கி, டவுன்லோடு செய்த கோப்பை அப்படியே இந்த மெட்டாடேட்டாவைப் படித்துக் காட்டும் 'கன்டென்ட் கிரெடென்ஷியல்ஸ்' (Content Credentials) சரிபார்ப்புத் தளத்தில் ஏற்றுங்கள். எதில் உருவானது என்று காட்டும். பிறகு அதே படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏற்றுங்கள். அந்த விவரம் கோப்பில் இருக்காது.

லேபிள் இருந்தால் அது பயனுள்ள தகவல்தான். இல்லை என்பதை மட்டும் வைத்து, அதுவும் ஒருவர்மேல் பழி சுமத்தும் படத்தை, தயவுசெய்து உண்மை என்று பகிராதீர்கள்.