சீடாக் வெறும் ஏர்போர்ட் பேர் இல்லைங்க

"சீடாக்னா ஏர்போர்ட்தான், அங்க ஊரே கிடையாது, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச கூலிய முதல்ல கொண்டு வந்தது சியாட்டில்"னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, ரெண்டுமே தப்புங்க. அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இருக்குற சியாட்டில், டகோமாங்கிற ரெண்டு ஊர் பேர்லயும் பாதி பாதி எடுத்து ஏர்போர்ட்டுக்கு வச்ச பேருதான், ஆனா 1990ல அத சுத்தி இருந்த ஏரியா தனி நகரமாவே ஆயிடுச்சு, 2020 சென்சஸ்ல 31 ஆயிரத்துக்கு மேல ஜனம். 2013 நவம்பர்ல அங்க ஓட்டெடுப்பு, வெறும் 77 ஓட்டு வித்தியாசத்துல 15 டாலர் பாஸ் ஆச்சு, சியாட்டில் சட்டம் போட்டது அடுத்த வருஷம்தான். சீடாக்ல பாஸ் ஆனதும் எல்லாருக்கும் இல்ல, பெரிய ஹோட்டல்ல பெட்ஷீட் மாத்துறவங்க, பார்க்கிங், வாடகை கார் மாதிரி வேலைக்குத்தான். இதுல கூத்து என்னன்னா, ஏர்போர்ட் உள்ள வேலை பாக்குறவங்களுக்கும் இது செல்லும்னு மாநில சுப்ரீம் கோர்ட் சொல்றதுக்குள்ள 2015 ஆகஸ்ட் வந்துடுச்சு.