ஓஎம்ஆர் தாளுக்குப் பெயர் தெரியாது, சரி. ஆனால்...

"விடைத்தாளைக் கணினிதான் திருத்துகிறது, அதற்கு ஆண் பெண் தெரியாது, அதனால் பொதுத் தேர்வில் பாலினச் சாய்வுக்கு இடமே இல்லை" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். திருத்துவதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கேள்வியை எந்த வடிவில் கேட்பது, மதிப்பெண்ணை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவெடுப்பவர்கள் மனிதர்கள்தானே?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பள்ளிப் படிப்பில் சிறந்தவர்களுக்கான உதவித்தொகையை எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துக் கொடுத்துவந்தார்கள். பள்ளி மதிப்பெண்ணில் பெண்கள் குறைந்தவர்கள் இல்லை. ஆனாலும் உதவித்தொகையில் பெரும்பங்கு பையன்களுக்கே போனது. 1988-இல் பள்ளி மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்த்ததும் பெண்களின் பங்கு கணிசமாக உயர்ந்தது. அப்புறம் பழைய முறைக்கே திரும்பினார்கள். மாணவிகள் வழக்குத் தொடுத்தார்கள். எஸ்ஏடியை மட்டும் நம்புவது பெண்களுக்குப் பாகுபாடு என்று 1989-இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. அந்தத் தேர்வு பள்ளிச் சாதனையை அளக்க உருவாக்கப்பட்டதே அல்ல.

"பையன்கள் கணக்கில் கெட்டி, அவ்வளவுதான்" என்பதும் நிற்காது. கல்லூரியில் ஒரே கணித வகுப்பில் ஒரே கிரேடு வாங்கிய ஆண்களையும் பெண்களையும் வெய்னர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992-இல் ஒப்பிட்டார்கள். எஸ்ஏடி கணிதத்தில் அந்தப் பெண்கள் சுமார் 33 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அதாவது வகுப்பில் சமமாகச் செய்த பெண்களைத் தேர்வு குறைத்துக் காட்டியது.

மதிப்பெண் வித்தியாசம் இருந்தாலே சாய்வு என்று நான் சொல்லவில்லை. வாசிப்பில் பெண்கள் முந்துவதையும் இதே கண்ணோடுதான் சோதிக்க வேண்டும். கேள்வி வடிவமும் கணக்கில் வரும்: கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் பையன்களும், எழுதி விடையளிக்கும் கேள்விகளில் பெண்களும் ஒப்பீட்டளவில் நன்றாகச் செய்வதாக அமெரிக்க மாநிலத் தேர்வுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.