தொட விடாத இடமாகப் பார்த்துச் சேருங்கள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "நீங்க போற வனவிலங்கு மறுவாழ்வு மையத்துல என் பொண்ணையும் சேர்த்துவிட முடியுமா? அவளுக்கு மிருகங்கள்னா உயிர்." ஒவ்வொருவருக்கும் பதில் நீண்டுகொண்டே போவதால் இங்கேயே எழுதிவைக்கிறேன். மிருகங்கள் என்றால் உயிர் என்கிற பிள்ளைகளுக்கு இந்த வேலை பெரும்பாலும் பிடிப்பதில்லை. அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை.

நான் வார இறுதிகளில் போவது, அடிபட்ட காட்டுயிர்களைத் தேற்றித் திரும்பக் காட்டில் விடும், பெங்களூரின் புறநகரில் இருக்கும் ஒரு மையத்துக்கு. அங்கே என் வேலை பப்பாளி நறுக்குவது, தட்டு கழுவுவது, கூண்டுக்கு அடியில் விரித்த செய்தித்தாளை மாற்றுவது, காய்ந்த எச்சத்தைச் சுரண்டுவது. பருந்துக்கும் ஆந்தைக்கும் இரையை எலும்போடும் தோலோடும் முழுதாகப் போடவேண்டும். வெறும் கறித்துண்டாகப் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் குஞ்சின் கால் எலும்பு வளைந்துவிடும். வீட்டில் ஆசையாகக் கோழிக்கறி ஊட்டி வளர்த்துவிட்டு, எழுந்து நிற்க முடியாமல் போனபிறகு அட்டைப்பெட்டியில் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோபப்படவும் முடியாது, பாவம், அழுதுகொண்டு நிற்பார்கள். செத்த எலிகள் அடுக்கிய ஃப்ரீசரைத் திறந்த அன்றோடு காணாமல் போன வாலண்டியர்களும் உண்டு.

இதைவிடக் கஷ்டமானது, கிட்டே போகாமல் இருப்பது. கூண்டைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டியிருப்பார்கள். பேசக்கூடாது, கொஞ்சக்கூடாது, வேலை முடிந்தால் நகர்ந்துவிடவேண்டும். அடிபட்ட நாய்க்கு நம் கை ஆறுதல். காட்டுயிருக்கு நாம் தன்னைத் தின்ன வந்த இன்னொரு மிருகம். தடவும்போது மான்குட்டி அசையாமல் இருந்தால் அது சுகத்தில் இல்லை, பயத்தில் உறைந்துபோய் இருக்கிறது. துரத்திப் பிடித்த அதிர்ச்சியிலேயே தசைகள் சிதைந்து, சில நாள் கழித்துக்கூட மான்கள் செத்துப்போகும். தோளில் ஆந்தையை உட்காரவைத்து ரீல்ஸ் போடும் 'மீட்பர்'களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவதற்கு இதுதான் காரணம். அந்த ஆந்தை மனிதனுக்குப் பழகிவிட்டது என்றால், அதைக் காட்டுக்கு அனுப்பும் வேலை தோற்றுவிட்டது என்று அர்த்தம். அதற்கு லட்சம் லைக்.

இலங்கைக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் இரண்டு யானைக் காப்பகங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். பின்னவலை யானைகள் காப்பகம் 1975-இல் தொடங்கியது. காசு கட்டிப் புட்டிப்பால் ஊட்டலாம், பக்கத்தில் நின்று படம் எடுக்கலாம். அனாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கிய இடத்தில் யானைகள் அங்கேயே குட்டி போட்டுப் பெரிய மந்தையாகிவிட்டன. கோயிலுக்குப் போனவையும் உண்டு. உடவளவையில் 1995-இல் அந்நாட்டு வனஜீவராசிகள் திணைக்களம் (வனவிலங்குத் துறை) தொடங்கிய காப்பகம் வேறு மாதிரி. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டிகளுக்குப் பால். நாம் தடுப்புக்கு அப்பால் தூரத்தில் நின்று பார்க்கவேண்டியதுதான். ஐந்து வயது வாக்கில் கூட்டமாகக் காட்டில் விடுகிறார்கள். அப்படிப் போன பெண் யானைகள் காட்டிலேயே குட்டி ஈன்றிருக்கின்றன. பயணிகளின் விமர்சனங்களில் உடவளவையைப் பற்றி வரும் குறை, "கிட்டே விடவில்லை" என்பது. அந்தக் குறையைப் படித்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

அசாமில் காசிரங்கா பக்கத்தில் 2002 முதல் இயங்கும் மையத்திலும் இதே கதைதான். வெள்ளத்தில் தாயைப் பிரிந்த காண்டாமிருகக் குட்டிகளை வளர்த்து, 2006 முதல் மானஸ் காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

இதற்கு நேர் எதிரானது தென்னாப்பிரிக்காவில் நடந்துவந்த வியாபாரம். 'அனாதைச் சிங்கக் குட்டிக்குப் பால் கொடுக்க வாருங்கள்' என்று வெளிநாட்டு இளைஞர்களிடம் பணம் வாங்குவார்கள். தாயிடமிருந்து வேண்டுமென்றே பிரித்த குட்டிகள் அவை. வளர்ந்தபிறகு வேலிக்குள் வேட்டையாட வருகிறவர்களிடம் போய்ச்சேரும். பால் புகட்டிய பிள்ளைகள் நல்ல மனதோடுதான் போனார்கள்.

இன்னொன்று. கோடையில் மையத்துக்கு வரும் பறவைக் குஞ்சுகளில் நிறைய, வந்திருக்கவே வேண்டாதவை. இறகு முளைத்து, கூட்டை விட்டு இறங்கி, தத்தித் தத்திப் பறக்கப் பழகும் குஞ்சைப் பார்த்ததும் "அம்மா விட்டுட்டுப் போயிட்டா" என்று தூக்கிவந்துவிடுகிறோம். அம்மா எதிர் மரத்தில் கத்திக்கொண்டிருக்கும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் கட்டுக்கதை. பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். அப்புறம், தயவுசெய்து வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவையின் மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும். பாலும் வேண்டாம், அது எந்தப் பறவைக்கும் ஆகாது.

உண்மையிலேயே வரவேண்டியவை வேறு. ஜூன்-ஜூலையில் வரும் ஆஷாட மாதக் காற்றில் ஊரெல்லாம் பட்டம் விடும்போது மாஞ்சா நூலில் அறுபட்டு வரும் பருந்துகள். இறக்கையில் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தோல் மடிப்பு இருக்கிறது. அது கிழிந்தால் எலும்பு முறியாவிட்டாலும் பறக்க முடியாது. நைலான் மாஞ்சாவைப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-லேயே தடை செய்தது. கடையில் கேட்டால் உள்ளே போய் எடுத்துவருகிறார்கள். டாக்டர் தைத்துப் பார்ப்பார். சிலது தேறும். தேறாததை வலியில்லாமல் அனுப்பிவிடுவார்கள், மேசையைத் துடைப்பது நம் வேலை. பறக்கவிடும் நாள் சந்தோஷமான நாள்தான், ஆனால் பெட்டியைத் திறந்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விடும்.

ஆகவே மகளுக்கு மிருகத்தின் அன்பு வேண்டுமென்றால் தெருநாய்க் காப்பகத்தில் சேருங்கள். அங்கே ஆள் தேவை, நாய்களும் ஏங்கிக் கிடக்கின்றன. கூட்டிப் பெருக்கி, பேசாமல் வீடு திரும்பச் சம்மதம் என்றால் இங்கே வரட்டும், 18 முடிந்தபிறகு. டெட்டனஸ், ரேபிஸ் ஊசி முதலில். எந்த மையமாக இருந்தாலும் சேரும் முன்பு இரண்டைக் கேளுங்கள்: போன வருஷம் எத்தனையைக் காட்டில் விட்டீர்கள்? வனத்துறை அனுமதி இருக்கிறதா? ஏனென்றால் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, கையில் கிடைத்த காட்டுயிரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் வனத்துறைக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிக்கவேண்டும். வீட்டில் வைத்து வளர்ப்பது, பச்சைக்கிளியே ஆனாலும், குற்றம்.

வர முடியாதவர்கள் பழைய செய்தித்தாள், துவைத்த டவல், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி அனுப்பலாம். டவலில் நூல் பிரிந்திருக்கக்கூடாது, நகம் மாட்டிக்கொள்ளும்.