டேக் இல்லாமல் ஒரு மானைக்கூடத் தொட முடியாது

"அமெரிக்காவுல பொது நிலம்னா கேட்க ஆளே கிடையாது. கடையில லைசென்ஸ் வாங்கிட்டு எவ்வளவு பெரிய கொம்பு மானையும் சுடலாம், தலையை மட்டும் எடுத்துட்டு வரலாம்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். உள்ளே நடந்து போகலாம் என்கிறவரைக்கும் சரி. நிலம் மத்திய அரசோடதுன்னாலும் மான் மாநிலத்தோட பொறுப்பு. இதைத்தான் அவர் விட்டுட்டார்.

கொலராடோ மாநிலத்தில் 1999லிருந்து மான் லைசென்ஸும் அதோட வர்ற டேக்கும் (ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு) முழுக்க எண்ணிக்கைக் கட்டுப்பாடு. கேட்கிறவங்க அதிகம்னா குலுக்கல். அரிசோனாவின் கைபாப் பீடபூமி, யூட்டாவின் ஹென்றி மலை மாதிரி பெரிய மியூல் மானுக்கு (பெரிய காது கொண்ட அமெரிக்க மான் வகை) பேர்போன இடங்களுக்கு, குலுக்கலில் கிடைக்காத வருஷத்துக்குத் தர்ற பாயின்டை வருஷக்கணக்கா சேர்த்துக்கிட்டு காத்திருக்காங்க. பணம் இருந்தாலும் வரிசைதான் (ஏலத்தில் போற சில டேக் தனிக் கதை). டேக் கிடைச்சாலும் எந்தப் பகுதி, எந்தத் தேதி, வில்லா துப்பாக்கியா எல்லாம் அதிலேயே இருக்கும். கொலராடோவில் மான் விழுந்ததும் டேக்கில் கையெழுத்தும் தேதியும் போடணும். உடலோட அதைக் கட்டித்தான் கொண்டுவரணும்.

தலை விஷயம் இன்னும் மோசமான தப்பு. கொம்புக்காகத் தலையை வெட்டிட்டு உடலைக் காட்டில் போட்டா கொலராடோவில் அது வெறும் அபராதத்தோட போகாது, பெருங்குற்ற வழக்கு. தொடை, தோள், முதுகுச் சதைன்னு சாப்பிடக்கூடிய இறைச்சியைச் சுமந்துதான் இறங்கணும். ஜீப் போகாத சரிவில் அதுக்கே ரெண்டு மூணு நடை ஆகும்.